செக்யூரிட்டி செக்கில் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லாமல் விடலாம்

மார்பக அறுவைச் சிகிச்சை முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர்கள் நிறையச் சொல்லித்தான் அனுப்புவார்கள். அந்தப் பக்கக் கையில் ஊசி போடவிடாதீர்கள், பிரஷர் பார்க்கவிடாதீர்கள், கனமான பை தூக்காதீர்கள், விமானத்தில் போனால் கை வீங்காமல் இருக்க உறை போட்டுக்கொள்ளுங்கள். ஏறுவதற்கு முன்னால் முன்பின் தெரியாத ஒருவர் நெஞ்சில் கை வைத்துத் தடவிப் பார்ப்பாரே, அப்போது என்ன சொல்வது, எவ்வளவு சொல்வது என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. என்னைப் போன்ற நாலு பேர் சந்தித்தால் கடைசியில் பேச்சு அங்கேதான் போய் நிற்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

எனக்கு ஆடிட் வேலை. சென்னையிலிருந்து டில்லி, மும்பை என்று போய் வந்துகொண்டே இருக்க வேண்டும். மகள் நியூஜெர்சியில் இருக்கிறாள், அதனால் அமெரிக்கப் பயணமும் உண்டு. இடப்பக்க மார்பகத்தை எடுத்தாகிவிட்டது. வெளியே கிளம்பினால் அதற்கென்று தைத்த பிராவின் பைக்குள் சிலிக்கான் மார்பகம் வைத்துக்கொள்வேன். கீமோ நடந்த காலத்தில் காரை எலும்புக்குக் கீழே, தோலுக்கு அடியில், மருந்து ஏற்றுவதற்காகப் போர்ட் என்று ஒரு குமிழ் இருந்தது. அதையும் வைத்துக்கொண்டே பயணம் செய்திருக்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சோதனையே வேண்டாம் என்கிற கட்சி இல்லை நான். 1984 ஆகஸ்ட் 2 இரவு மீனம்பாக்கத்தில் வெடித்தது கொழும்பு விமானத்துக்கென்று வந்த பெட்டி. 30 பேருக்கு மேல் செத்தார்கள், அதில் பெரும்பாலோர் இலங்கைக்காரர்கள். அடுத்த வருடம் ஜூனில் கனிஷ்கா விமானம் அட்லாண்டிக் மேலே வெடித்து 329 பேர் போனார்கள். அதற்குப் பிறகுதான் விமானப் பாதுகாப்புக்கென்று பி.சி.ஏ.எஸ். 1987-இல் தனி அமைப்பாக ஆனது. 1999 டிசம்பரில் காந்தஹார் விமானக் கடத்தல். சில வாரங்களில், 2000 பிப்ரவரியில், ஜெய்ப்பூரில் தொடங்கி விமான நிலையங்கள் ஒவ்வொன்றாக மத்திய அரசின் பாதுகாப்புப் படையான சி.ஐ.எஸ்.எஃப். கைக்குப் போயின. டிரேயில் செருப்பையும் பெல்ட்டையும் போடும்போது சலித்துக்கொள்கிற எல்லோரும் இந்த வரிசையை ஒரு தடவை நினைத்துப் பார்க்கலாம். சோதிக்கட்டும். யார், எங்கே வைத்து, எத்தனை பேர் கண்ணுக்கு முன்னால் சோதிக்கிறார்கள், சோதித்ததில் என்னென்ன பதிவாகிறது, இதுதான் என் கேள்வி.

நம் ஊரில் பெண்களைச் சோதிப்பது திரை போட்ட சின்னக் கூண்டுக்குள். உள்ளே ஒரு குட்டை மேடை. மேலே ஏறிக் கைகளை விரித்து நிற்க வேண்டும். பெண் காவலர் கையிலிருக்கும் கருவியை மேலிருந்து கீழாக ஓட்டுவார். தாலிச் சங்கிலிக்கு ஒரு பீப், கொண்டை ஊசிக்கு ஒரு பீப், புடவைத் தலைப்பில் குத்திய பின்னுக்கு ஒன்று, பிரா கொக்கிக்கு ஒன்று. சிலிக்கானில் உலோகம் கிடையாது, அதற்குக் கருவி வாயே திறக்காது. கண்டுபிடிப்பது கைதான். பழகிய கை, ஒரு பக்கத்துக்கும் மறு பக்கத்துக்கும் வித்தியாசம் தெரிந்ததும் அப்படியே நின்றுவிடும். அந்த ஒரு நொடியில் அவர் என் முகத்தைப் பார்ப்பார், நான் அவர் முகத்தைப் பார்ப்பேன். சிலருக்கு உடனே புரிந்து, தலையை ஆட்டிவிட்டு போர்டிங் பாஸில் முத்திரை குத்தி நீட்டுவார்கள். சிலர் "ஏ க்யா ஹை?" (இது என்ன?) என்பார்கள். கேட்பதில் தப்பில்லை, அதுதான் அவர் வேலை. ஆனால் திரைக்குக் கண்ணை மறைக்கத்தான் தெரியும், காதை மறைக்கத் தெரியாது. பின்னால் வரிசையில் நிற்கும் பெண்கள் அத்தனை பேருக்கும் கேட்கும்.

இதற்காகத்தான் கார்டு வைத்திருக்கிறேன். விசிட்டிங் கார்டு அளவுதான். ஒரு பக்கம் ஆங்கிலம், மறு பக்கம் இந்தி, ஏனென்றால் சென்னையிலேயே கூண்டுக்குள் இருப்பவருக்குத் தமிழ் தெரியும் என்று சொல்ல முடியாது. "மார்பக அறுவைச் சிகிச்சை ஆனவர். இடப்பக்கம் செயற்கை மார்பகம். இடது கையை முழுதாக உயர்த்த முடியாது." அவ்வளவுதான் வாசகம். மேடையில் ஏறும்போதே போர்டிங் பாஸோடு சேர்த்து நீட்டிவிடுவேன். கை நெஞ்சுக்கு வருவதற்கு முன்னாலேயே அவருக்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டும் என்பதுதான் கணக்கு. தொட்ட பிறகு விளக்கினால் மறைத்து வைத்ததைச் சொல்வது மாதிரி ஆகிவிடுகிறது. முன்னாலேயே சொன்னால் வெறும் தகவல். ஒருமுறை கார்டைப் படித்த பெண், ஒன்றும் பேசாமல் கையுறையைக் கழற்றிவிட்டு, "என் அம்மாவுக்கும்" என்று மட்டும் இந்தியில் சொன்னார். எல்லோரும் அப்படி இருப்பார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அதே மாதிரி அழுத்திப் பார்த்தவர்களும் உண்டு. அதுவும் சரிதான், கார்டை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம் இல்லையா?

டாக்டர் கடிதமும் வேண்டும், ஆனால் ஃபைலை எடுத்துக்கொண்டு போகாதீர்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் வயது, எத்தனை குழந்தை, மாதவிடாய் நின்ற வருடம், கட்டியின் அளவு, எந்த மருந்து எத்தனை சுற்று என்று எல்லாமே இருக்கும். பாதுகாப்புச் சோதனைக்கு இதில் ஒரு வரிகூடத் தேவையில்லை. "இந்தப் பெயருடைய இவர் செயற்கை மார்பகம் அணிகிறார், உடலில் போர்ட் உள்ளது" என்று லெட்டர்ஹெட்டில் இரண்டே வரி எழுதித் தரச் சொல்லுங்கள். டாக்டர்கள் தருவார்கள், நாம்தான் கேட்பதில்லை. பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கு மருத்துவமனையில் கொடுக்கும் அட்டையே போதும். அவர்கள் கைக்கருவியை நெஞ்சுக்கு மேலேயே பிடித்து வைத்திருக்க வேண்டாம், கையால் சோதியுங்கள் என்று கேட்டுக்கொள்வது நல்லது.

இன்னொன்று, பருத்தி நூலில் பின்னிய மாற்று மார்பகம் கிடைக்கிறது. நம் நாட்டிலும் தன்னார்வப் பெண்கள் பின்னி இலவசமாகவே அனுப்புகிறார்கள். எடையே தெரியாது, வியர்க்காது, தடவினால் துணிதான். நீண்ட பயணத்துக்கு அதைப் போட்டுக்கொண்டு சிலிக்கானைக் கைப்பையில் வைத்துக்கொள்வேன். பெட்டியோடு செக்-இன் செய்வதில்லை, பெட்டி தொலைந்தால் போன இடத்தில் யாரிடம் போய் நிற்பது?

ஆண்களுக்கு இந்தத் திரைகூடக் கிடையாது. மேடையில் ஏற்றி, நாற்பது பேர் பார்க்கத் தடவிப் பார்ப்பார்கள். சட்டைப்பையில் சில்லறை வைத்திருப்பவருக்கு அது ஒன்றுமில்லை. என் அப்பாவுக்கு ப்ராஸ்டேட் தொல்லையில் சிறுநீர் வடிய கதீட்டர் குழாய் போட்டு, தொடையில் சிறுநீர்ப் பை கட்டியிருந்த நேரம். மதுரையிலிருந்து சென்னைக்கு அழைத்து வர வேண்டும். "வேட்டியைத் தூக்கச் சொல்லுவானோ?" என்று ஒரு வாரமாக அதே கேள்வி. தனியாக வைத்துச் சோதியுங்கள் என்று கேட்கும் வசதி எல்லோருக்கும் உண்டு என்றேன், அவர் நம்பவில்லை. அங்கே போனதும் தம்பிதான் முன்னால் போய், இடுப்புக்குக் கீழே மருத்துவப் பை இருக்கிறது, தனி இடம் வேண்டும் என்று மெதுவாகச் சொன்னான். சக்கர நாற்காலியோடு ஒரு தடுப்புக்குப் பின்னால் கூட்டிப்போய், வேட்டிக்கு மேலாகவே பையைத் தொட்டுப் பார்த்து, இரண்டு நிமிடத்தில் அனுப்பிவிட்டார்கள். கிளம்புவதற்கு முன்பு வீட்டிலேயே பையைக் காலி செய்துவிட வேண்டும், இது எழுதித்தான் ஆக வேண்டிய விஷயம். டயப்பர் கட்டியிருக்கும் பெரியவர்களுக்கும், வயிற்றில் கழிவு சேரும் ஸ்டோமா பை வைத்தவர்களுக்கும் இதே வழிதான். கேட்காவிட்டால் யாரும் தாமாக வந்து தனி இடம் தர மாட்டார்கள்.

கேட்பதால் விதி மாறுமா என்றால், மாறியிருக்கிறது. நடனக் கலைஞர் சுதா சந்திரன் 2021 அக்டோபரில் பிரதமருக்கு வேண்டுகோள் விடுத்து ஒரு வீடியோ போட்டார். ஒவ்வொரு முறையும் செயற்கைக் காலைக் கழற்றச் சொல்கிறார்கள், வெடிமருந்துத் தடயம் பார்க்கும் கருவியை வைத்துச் சோதிக்கலாமே என்று கேட்டும் கழற்றச் சொல்கிறார்கள் என்றார். சி.ஐ.எஸ்.எஃப். வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டது. விதிப்படி மிக விதிவிலக்கான நேரத்தில்தான் செயற்கை உறுப்பைக் கழற்றச் சொல்ல வேண்டும் என்றும் சொன்னது. விதி முன்பே இருந்திருக்கிறது என்பதைக் கவனியுங்கள். பிரபலம் அல்லாத எத்தனை பேர் அது தெரியாமல் கழற்றிக் கொடுத்திருப்பார்கள்!

அமெரிக்கக் கதை இதைவிடப் பெரிது. 2009 கிறிஸ்துமஸ் அன்று டெட்ராய்ட் போன விமானத்தில் ஒருவன் உள்ளாடைக்குள் வெடிமருந்து வைத்திருந்தான். மெட்டல் டிடெக்டருக்கு அது தெரியாது. உடனே முழு உடல் ஸ்கேனர்கள் பரவின. அதில் ஒரு ரகம், மெல்லிய எக்ஸ்ரே மாதிரி, ஆடைக்குள் இருக்கும் உடம்பைக் கிட்டத்தட்ட அப்படியே காட்டிவிடும். வேறு அறையில் உட்கார்ந்து ஓர் அதிகாரி அந்தப் படத்தைப் பார்ப்பார். கூடவே கையால் தடவும் சோதனையும் கடுமையானது. 2010-இல் சார்லட் விமான நிலையத்தில் ஒரு விமானப் பணிப்பெண் செயற்கை மார்பகத்தை எடுத்துக் காட்ட வேண்டிவந்ததாகச் சொன்னார். டெட்ராய்டில் ஒருவருக்குச் சோதனையின்போது சிறுநீர்ப் பையின் மூடி விலகி உடையெல்லாம் நனைந்தது. நாடே கொதித்தது. 2012-இல் நாடாளுமன்றம் சட்டம் போட்டது: ஸ்கேனர்கள் நிஜ உடம்பைக் காட்டக் கூடாது, எல்லோருக்கும் ஒரே மாதிரி ஒரு பொம்மைக் கோட்டுருவத்தைக் காட்டி, சந்தேகமான இடத்தில் கட்டம் போட்டால் போதும். எக்ஸ்ரே ரகத்தில் அந்த மென்பொருளைச் செய்ய முடியாமல் போனதால், 2013-க்குள் அந்த இயந்திரங்களை எல்லாம் தூக்கிவிட்டார்கள். மில்லிமீட்டர் அலையில் ஓடும் இப்போதைய ஸ்கேனர் தங்கிவிட்டது. வெடிமருந்தையும் தேடுகிறது, உடம்பையும் காட்டுவதில்லை. "பாதுகாப்பு வேண்டுமா, மானம் வேண்டுமா, ஒன்றைத் தேர்ந்தெடு" என்று யாராவது சொன்னால் எனக்கு இந்த இயந்திரம்தான் ஞாபகத்துக்கு வரும்.

அந்தப் பொம்மையிலும் எனக்கு மஞ்சள் கட்டம் விழும். இடது நெஞ்சில், தவறாமல். மகள் ஊருக்குப் போகும் வழியில், ஒரு நாட்டில் விமானம் மாற வேண்டியிருந்தது. எந்த நாடு என்பது வேண்டாம். கட்டம் விழுந்ததும் இயந்திரத்தருகே நின்ற ஆண் அதிகாரி திரையைச் சுட்டிக்காட்டி, எதிர்ப்பக்கம் இருந்தவரிடம் உரக்க ஏதோ கேட்டார். எனக்குப் பின்னால் இருந்தவர்கள் எல்லோரும் எட்டித் திரையைப் பார்த்தார்கள். திரை பயணிகள் பக்கம் திரும்பியிருந்தது, அதை எந்தப் புண்ணியவான் அப்படி வைத்தாரோ! பெண் அதிகாரி வேண்டும், தனி அறை வேண்டும், கணவரும் கூட வருவார் என்று ஒரே மூச்சில் சொன்னேன். காத்திருங்கள் என்றார்கள். டிரேயில் என் பையும் பாஸ்போர்ட்டும் கண்ணுக்கு எட்டாத தூரத்துக்குப் போய்விட்டது தெரிந்தது. "என் பொருட்களையும் கூட எடுத்து வாருங்கள்" என்று திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. அறைக்குள் போன பிறகு எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. பெண் அதிகாரி, எங்கே தொடப்போகிறேன் என்று முதலில் சொல்லிவிட்டு, புறங்கையால் தொட்டுப் பார்த்தார். என் உள்ளங்கையில் ஒரு சின்னத் துணியைத் தேய்த்து வெடிமருந்துத் தடயம் பார்க்கும் இயந்திரத்தில் வைத்தார், பச்சை விழுந்தது. கிளிசரின் கலந்த க்ரீம் சிலது இந்தச் சோதனையில் வீண் அலாரம் கொடுக்கும் என்பதால் பயண நாளில் கையில் எதுவும் பூசுவதில்லை.

அமெரிக்காவில் விமான நிலையச் சோதனையை நடத்தும் அரசு அமைப்பு டி.எஸ்.ஏ. அதன் விதி இந்த விஷயத்தில் தெளிவாக இருக்கிறது. ஸ்கேனர் வேண்டாம், கையால் சோதியுங்கள் என்று கேட்கலாம். அபூர்வமாகச் சிலருக்கு மறுப்பார்கள். அக்குளில் அறுவைச் சிகிச்சை ஆனவர்களுக்குக் கையைத் தலைக்கு மேல் தூக்கி நிற்பதே வலி, அதைச் சொன்னால் போதும். சோதிப்பவர் உங்கள் பாலினத்தவராகத்தான் இருக்க வேண்டும். தனி அறை கேட்கலாம், துணைக்கு ஒருவரை அழைத்துப் போகலாம். ஆடையைத் தூக்கிச் செயற்கை மார்பகத்தைக் காட்டச் சொல்லக் கூடாது. கைப்பையில் திரவத்துக்கும் ஜெல்லுக்கும் இருக்கும் 100 மில்லி கட்டுப்பாடு ஜெல் நிறைந்த செயற்கை மார்பகத்துக்குப் பொருந்தாது. டி.எஸ்.ஏ. கேர்ஸ் என்ற உதவித் தொலைபேசிக்கு 72 மணி நேரம் முன்னதாகச் சொல்லிவைத்தால் அங்கே ஒருவர் துணைக்கு வருவார். வயதானவர்களைத் தனியாக அனுப்பும் பிள்ளைகள் இதை அவசியம் செய்துவிடுங்கள்.

பையைப் பற்றியும் கொஞ்சம். எக்ஸ்ரேயில் ஏதோ தெரிந்து பையை ஒதுக்கிவிட்டால், மேசையில் வைத்துத் திறக்கச் சொல்வார்கள். நாப்கின், மாத்திரை, உள்ளாடை எல்லாம் டிரேயில் வரிசையாக வரும். அக்கம்பக்கத்தவர் பார்வை அங்கேதான். நான் இவற்றை ஒரு துணிப்பைக்குள் போட்டு, அதைக் கைப்பையின் மேலாகவே வைத்துவிடுவேன். பவர் பேங்க், சார்ஜர் ஒயர் எல்லாம் வேறு பையில். பெரும்பாலும் அவர்கள் தேடுவது ஒயர் சுருளைத்தான், என் மாத்திரையை இல்லை. ஒயர் தனியாக இருந்தால் மற்றதைக் கிளற வேண்டி வராது.

செக்யூரிட்டி, இமிகிரேஷன், கஸ்டம்ஸ் மூன்றும் வேறு வேறு. மூன்றையும் ஒன்றாக நினைத்துப் பயப்படுகிறவர்கள் நிறைய. ஆயுதம், வெடிபொருள் தேடுகிறவருக்கு உங்கள் போனுக்குள் என்ன இருக்கிறது என்பது தேவையில்லை. லேப்டாப்பை டிரேயில் போடச் சொல்லலாம், ஆன் செய்து காட்டச் சொல்லலாம், அத்துடன் சரி. போனைத் திறந்து பார்க்கும் அதிகாரம் அமெரிக்க எல்லையில் இருக்கும் அதிகாரிகளுக்கு உண்டு. அது வேறு மேசை, வேறு சட்டம். எந்த மேசையில் நிற்கிறோம் என்று தெரிந்தால் எதற்குப் பதில் சொல்ல வேண்டும் என்பதும் தெரியும்.

இவ்வளவு நேரம் பேசியது தொட்டுப் பார்க்கும் சோதனை. தொடாமல் நடப்பதுதான் எனக்கு அதிக யோசனையைத் தருகிறது. முகத்தை வைத்து அடையாளம் பார்க்கும் டிஜி யாத்ரா 2022 டிசம்பர் 1-இல் டில்லி, பெங்களூரு, வாரணாசியில் தொடங்கியது, பிறகு சென்னைக்கும் வந்தது. ஆதாரையும் முகத்தையும் ஆப்பில் இணைத்துவிட்டால் வாசலில் முகத்தைக் காட்டியே உள்ளே போகலாம். விவரங்கள் நம் போனிலேயே இருக்கும், விமான நிலையத்துக்குப் போவது 24 மணி நேரத்தில் அழிக்கப்படும் என்கிறார்கள். நடத்துவது டிஜி யாத்ரா ஃபவுண்டேஷன் என்ற லாப நோக்கில்லாத நிறுவனம். அதில் அரசின் விமான நிலைய ஆணையத்துக்கு 26 சதவீதப் பங்கு, மிச்சம் ஐந்து விமான நிலைய நிறுவனங்களுக்கு. எங்கள் வீட்டுக்காரர் இதற்குப் பரம விசிறி. விறுவிறுவென்று உள்ளே போய்விடுவார். ஆனால் உடம்புச் சோதனைக்கு இதில் எந்தத் தள்ளுபடியும் இல்லை. பெண்கள் கூண்டு வரிசை எப்போதும் போல நகர, அவர் அந்தப் பக்கம் காபியும் கையுமாக எனக்காகக் காத்திருப்பார். "என்ன பிரயோஜனம்?" என்று கேட்டால் சிரிப்பார்.

நான் சேரவில்லை. கூண்டுக்குள் என்னைத் தொட்ட கை நான் மேடையிலிருந்து இறங்கியதும் அடுத்தவரிடம் போய்விடுகிறது. அவரோடு பேசலாம், மறுக்கலாம், கார்டைக் காட்டலாம். கேமராவிடம் எதைக் காட்டுவது? இதில் சேருவது கட்டாயம் இல்லை என்று அரசே சொல்லியிருக்கிறது. 2024 தொடக்கத்தில், வாசலில் நிற்பவர்கள் கேட்காமலேயே முகத்தைப் படமெடுத்துச் சேர்த்துவிடுகிறார்கள் என்று பல பயணிகள் புகார் சொன்னார்கள். வாசலில் டேப்லெட்டோடு யாராவது வந்து "ஒரு நிமிஷம், இங்கே பாருங்க மேடம்" என்றால், "எதற்கு?" என்று கேட்டுவிட்டுப் பாருங்கள். டிஜி யாத்ரா என்றால், "வேண்டாம், அடையாள அட்டை காட்டிப் போகிறேன்" என்று சொன்னால் போதும், காரணம் சொல்லத் தேவையில்லை. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் சொன்ன தீர்ப்பு புட்டசாமி என்ற முன்னாள் நீதிபதி போட்ட வழக்கில் வந்தது. அப்போது அவருக்கு வயது தொண்ணூறைத் தாண்டியிருந்தது. அமெரிக்காவிலும் டி.எஸ்.ஏ. மேசையில் முகத்தைப் படமெடுக்கும் கேமராவை வேண்டாம் எனலாம், பாஸ்போர்ட்டைப் பார்த்து அனுப்புவார்கள். ஆனால் நம்மைப் போன்ற வெளிநாட்டவர் நாட்டுக்குள் நுழையும்போது இமிகிரேஷனில் எடுக்கும் படத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. சண்டை போட்டுப் பயனில்லை.

எல்லாம் மீறி மரியாதைக்குறைவாக ஏதாவது நடந்தால், அங்கேயே சத்தம் போடுவதைவிட மேற்பார்வை அதிகாரியை வரச் சொல்லுங்கள். எந்தச் சோதனை வரிசை என்ற எண், நேரம், தேதி மூன்றையும் போர்டிங் பாஸின் பின்பக்கம் எழுதிக்கொள்ளுங்கள். நம் நாட்டில் சிவில் விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் ஏர்சேவா தளத்தில் புகார் பதியலாம். எழுதும்போது நோயின் சரித்திரம் வேண்டாம், "மருத்துவச் சாதனம் அணிந்திருக்கிறேன்" என்பதே போதும். அந்த விமானம் மாறிய ஊருக்கு நானும் எழுதினேன். நடந்ததை நாலு வரியில் சொல்லிவிட்டு, ஸ்கேனர் திரையைப் பயணிகள் பார்க்காத பக்கம் திருப்பி வையுங்கள் என்று மட்டும் கேட்டிருந்தேன். மன்னிப்புக் கேட்டுப் பதில் வந்தது, திரையைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை. அதை மட்டும் திரும்பக் கேட்டு இன்னொரு மெயில் போட்டிருக்கிறேன்.